நன்னாரி சர்பத் வழக்கும் ஒன்பதாவது பத்தியும்

உலகத்தில் எந்தப் பொய்யையும் நான் பொறுத்துக்கொள்வேன். தேர்தல் வாக்குறுதி, பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்ன வயது, 'இதோ கிளம்பிடும்' என்கிற கண்டக்டர் வாக்கு, எல்லாம் பொறுத்தவன். பாட்டிலில் ஒட்டிய பொய்யை மட்டும் பொறுப்பதில்லை என்று 2009 சித்திரை மாதம் முடிவெடுத்தேன்.

காரணம் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு.

சீட்டைப் பிடித்துக்கொண்டு என் மனைவி எழிலரசி கூடத்தில் நின்றாள். "என்னா மாமா இது? போன மாசம் நூத்தி அறுவதுதான இருந்துச்சி? வெளியில என்னாத்த தின்னீங்க?"

"நானா? சத்தியமா ஒண்ணும் இல்ல எழிலு."

உங்களிடம் மறைப்பானேன்? சிதம்பரத்தில் என் ஆபீசுக்கு எதிரே பொன்னுரங்கம் டீக்கடை. பதினோரு மணிக்கு ஒரு பாதுஷா, நாலு மணிக்கு ஒரு பாதுஷா, இரண்டு வேளையும் சர்க்கரை தூக்கலாக டீ. இது நமக்குள் இருக்கட்டும்.

தப்பிக்க வழி தேடி என் கண் அலைந்தது. அலமாரியில் 'குளிர்சோலை நன்னாரி சர்பத்' நின்றது. முன்பக்கம் பச்சை நிறத்தில் கொட்டை எழுத்து: 'முழுக்க இயற்கை. சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது.' அதை நம்பித்தான் தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் குடித்துவந்தேன். பாட்டிலைத் திருப்பினேன். பின்பக்கம், எறும்பே கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில்: சர்க்கரைப் பாகு 64 சதவீதம். செயற்கை நிறம். செயற்கை மணம். நன்னாரிச் சாறு ஒரு சதவீதம்!

தப்பிக்கத்தான் திருப்பினேன். படித்ததும் நிஜமாகவே ரத்தம் கொதித்தது. நோயாளியிடம் போயா பொய் சொல்வான்? அயோக்கியன்!

"சர்க்கரை மூட்டைய உள்ள வச்சிக்கிட்டு வெளியில நன்னாரி வேரு படம் போட்டிருக்கான் எழிலு! வுட மாட்டேன். கடலூர் நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடப்போறேன்!"

வழக்கமாக நான் சட்டைக் கையை மடித்தாலே 'சும்மா கெடங்க' என்பவள், அன்று சொன்னாள்: "போடுங்க மாமா. நானும் கூட வர்றேன்."

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தங்கராசு வக்கீல் குமாஸ்தா. விஷயத்தைக் கேட்டு உற்சாகமாகிவிட்டான்.

"இதுக்கு வக்கீலே வேணாம் மச்சான். நீங்களே பேசலாம். நான் டைப் அடிச்சித் தர்றேன். ஆனா எதிர்பார்ட்டி மொதல்ல என்னா கேப்பான்? 'நீ வெளியில ஸ்வீட்டு திங்கிற ஆளா'ம்பான். பிரமாணப் பத்திரத்துல அதுக்கு ஒரு பத்தி போட்டாகணும்."

"போடுங்கண்ணே," என்றாள் எழிலரசி. "இவுருதான் கையால தொடுறதே இல்லியே. என்னா மாமா?"

"ஆ... ஆமா."

"சத்தமா சொல்லுங்க. அண்ணனுக்குக் கேக்கல."

இரண்டு நாள் கழித்து நோட்டரி முன்னால் நின்றேன். பத்திரம் நான்கு பக்கம். முதல் ஏழு பத்தியும் சர்பத்காரன் தோலை உரித்தன. ரசித்துப் படித்தேன். எட்டாவது பத்தி: 'நான் இனிப்புப் பண்டம் எதையும் உண்பதில்லை என உறுதி கூறுகிறேன்.' அதற்கு மேல் படிக்கத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது.

திரும்பி வரும் வழியில் எழிலரசி மெதுவாக ஆரம்பித்தாள். "இனிமே பாத்து நடந்துக்குங்க மாமா. கம்பெனிக்காரன் ஆளு வுட்டு போட்டோ புடிச்சாலும் புடிப்பான். பொய்ச் சத்தியம்னு ஆச்சின்னா வேலையே போயிடுமாம்."

அவ்வளவுதான். டீக்கடையில் ஹெல்மெட் போட்டு எவன் நின்றாலும் எனக்கு உளவாளியாகத் தெரிந்தான். பாதுஷாவைத் தூரத்தில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தேன். ஏழு மாதம், நாலு வாய்தா. சர்க்கரை நூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கியது. நான் மட்டும் சந்தோஷப்படவில்லை.

கடைசி வாய்தாவில் கம்பெனி வக்கீல் எழுந்தார். "பின்பக்கம் எல்லாம் தெளிவாக அச்சிட்டிருக்கிறோம். படிக்காதது அவர் குற்றம்."

நான் பொங்கிவிட்டேன். "படிக்க முடியாத மாதிரி பொடி எழுத்துல போட்டுட்டு, படிக்காதவன் மேல பழியா? ஐயா, வெளியில ஒண்ணு ஒட்டினா உள்ளயும் அதான் இருக்கணும்! இல்லன்னா அது மோசடி!"

தீர்ப்பு எனக்குச் சாதகம். 'முழுக்க இயற்கை', 'சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது' இரண்டையும் லேபிளிலிருந்து எடுக்க உத்தரவு. எழிலரசி கண்ணெல்லாம் பெருமை. எனக்கு நெஞ்செல்லாம் பாதுஷா.

மறுநாள் பதினோரு மணிக்கு டீக்கடையில் சிங்கம் போல் உட்கார்ந்தேன். "ரங்கம், ரெண்டு பாதுஷா. டீயில சர்க்கர ஜாஸ்தி."

பொன்னுரங்கம் சர்க்கரையில்லாத டீயை வைத்தார். "மன்னிச்சிக்குங்க சார். பாதுஷா தர்றதுல சட்டச் சிக்கல் இருக்குது."

கையைச் சுவர் பக்கம் நீட்டினார். அங்கே லேமினேட் செய்த என் பிரமாணப் பத்திரம்! நோட்டரி முத்திரை, என் கையெழுத்து, எல்லாம் பளபளத்தன. எட்டாவது பத்திக்குக் கீழே, பொடி எழுத்தில், ஒன்பதாவது பத்தி. பொன்னுரங்கத்தின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் படித்தேன்.

'இனி என் ஆயுள் உள்ளவரை இனிப்பைத் தொட மாட்டேன். மீறிக் கேட்டால், என் மனைவிக்கு உடனே போன் செய்ய எல்லாக் கடைக்காரருக்கும் இதன்மூலம் அதிகாரம் அளிக்கிறேன்.'

பக்கத்தில் எழிலரசியின் செல் நம்பர்.

வீட்டுக்குப் பாய்ந்தேன். "துரோகி! எத்தன கடையில மாட்டின?"

"பதினாலு மாமா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும்."

"ஒன்பதாவது பத்தி இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நான் சொன்னதத் தங்கராசு அண்ணன் பத்திரத்துல தெளிவா அடிச்சிதான குடுத்தாரு?" என்றாள், காய் நறுக்குவதை நிறுத்தாமல். "படிக்காதது யாரு குத்தம்? வெளியில ஒண்ணு ஒட்டினா உள்ளயும் அதான் இருக்கணும்னு கோர்ட்டுல கத்துனது யாரு, நானா?"

சர்பத்காரன் லேபிளை மாற்றிவிட்டுப் பழைய பாகையே ஊற்றிக்கொண்டிருக்கிறான். வழக்கில் ஜெயித்த நான்தான், ஒட்டிய லேபிளுக்காக உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.