சுவேதாவின் எடை, நியூட்டனில்

ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பிழைபட வழங்கிவருகிறது என்பதை மேலிடம் போன ஆடி மாதம்தான் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்தவர் கலைச்சொல் துல்லியக் கண்காணிப்பு அலுவலர் திரு. ராஜாக்கண்ணு. ஜீப்பில் வந்து இறங்கியவர் நேராக எட்டாம் வகுப்புக்குள் நுழைந்து, முதல் பெஞ்சிலிருந்த சுவேதாவிடம் எடை எவ்வளவு என்று கேட்டார்.

"முப்பது கிலோ சார்."

அவருக்கு வேர்த்துவிட்டது. "இன்னாங்க டீச்சர் இது? கிலோ நிறைக்குத்தான். எடைன்றது விசை. நியூட்டன்ல சொல்லணும்!"

"பாடத்துல அப்படித்தான் சார் நடத்துறேன். பேச்சுல கிலோன்னு வந்துடுது," என்றார் அறிவியல் ஆசிரியை மஞ்சுளா.

"பேச்சுலயும் வரக்கூடாது."

சுற்றறிக்கை வந்தது. இப்பள்ளியில் எவரும் வாயாலோ எழுத்தாலோ எடையைக் கிலோவில் குறிப்பிடலாகாது, மீறினால் மெமோ.

அதே மாதம் மாணவர் உடல்நல விவரத்தைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். எடை என்று ஒரு கட்டம். அதில் எண் மட்டும்தான் ஏறும். மஞ்சுளா முப்பதை ஒன்பது புள்ளி எட்டால் பெருக்கி, சுவேதாவுக்கு 294 என்று போட்டார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே. கணினிக்குச் சுற்றறிக்கை போகவில்லை. அது கிலோ என்றே எடுத்துக்கொண்டது.

பத்தாம் நாள் ஆணை: "தங்கள் மாணவர் அறுபத்திருவரும் அபாயகரமான உடல்பருமன் உடையோராதலால், மதிய உணவில் முட்டை நிறுத்தப்படுகிறது. சோறு பாதி. தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்கச் செய்யவும்."

எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே ஐந்து கிலோமீட்டர் நடந்துதான். மிச்சம் மூன்றை எப்படிக் குறைப்பது என்று தலைமையாசிரியர் ஒரு வாரம் யோசித்தார்.

சுவேதாவின் அம்மா பாஞ்சாலை, சாமைக் கொல்லையில் களையெடுப்பதை விட்டுவிட்டு வந்தார். "டீச்சரம்மா, எம்பொண்ணு குண்டுன்னு எவன் சொன்னான்? வூட்ல வெறும் கஞ்சிதான். அந்த முட்டை ஒண்ணுதான் அதுக்கு சத்து. கிலோன்னே எழுதுனா இன்னா?"

மஞ்சுளா அழுதேவிட்டார். மறுநாளே ஆலங்காயம் பஸ் பிடித்து ராஜாக்கண்ணுவின் அலுவலகத்துக்குப் போனார்.

"சார், முப்பதுன்னே போட்டுடட்டுமா?"

"எடைக் கட்டத்துல கிலோவா? நான் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கைங்க அது!"

"அப்போ கட்டத்து மேல நிறைன்னு மாத்திடுங்க சார்."

"அது வேற செக்‌ஷன்."

"பசங்க பசியில கெடக்குதுங்க சார்."

"பசின்னு மொட்டையா சொன்னா எப்படி? எத்தனை ஜூல் குறையுதுன்னு எழுதிக் குடுங்க, பரிசீலிக்கலாம்."

எல்லாம் என் காதுக்கும் வந்தது. நான் தமிழாசிரியன். இயற்பியலில் தலையிடுவது முறையாகாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து விழா. உடல்பருமனை அதிவேகமாகக் குறைத்த பள்ளி என்று எங்களுக்குக் கேடயம். ராஜாக்கண்ணு சுவேதாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

"உன் எடை எவ்வளவும்மா?"

சுவேதா விழாமலிருக்க மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: "இருநூத்து அறுபத்தஞ்சு நியூட்டன் சார்."

"பாருங்க, இதுதான் துல்லியம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பாஞ்சாலை மட்டும் தட்டவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அறிவியல் தெரியாதவர் என்று விட்டுவிட்டோம். பெண் மூன்று கிலோ இளைத்திருக்கிறாள் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். ஆனாலும் அலுவலர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால், கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.