பிடரியில் ஒரு மர ஸ்கேல்

மதுரையில் ஒரு மனிதன் எங்கு வேண்டுமானாலும் சொறிந்துகொள்ளலாம். பிடரிக்குப் பின்னால் மட்டும் கையை விடக் கூடாது. அரிவாளை அங்கேதான் செருகி வைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். என் முதுகு வேர்க்குருவுக்குத்தான் தெரியவில்லை.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பல் மருத்துவமனை. அங்கு வருகிறவர்கள் வண்டியை என் வாசலில்தான் நிறுத்துவார்கள். அன்று நின்றது வாடிப்பட்டி முத்துக்காளையின் ஜீப். ஆள் ஆறடி, மீசை அதில் கால்வாசி. வங்கி வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "அஞ்சு நிமிசத்துல வண்டி இங்க இருக்கக் கூடாது" என்றேன். (இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.) அந்த நேரம் பார்த்து முதுகு அரித்தது. சொறிவதற்கென்றே காலருக்குள் செருகியிருந்த மகளின் மர ஸ்கேலைப் பிடித்து ஒரு சாண் உருவினேன். சுகத்தில் கண் மூடிவிட்டது.

திறந்தபோது முத்துக்காளை மருத்துவமனைக்குள் இருந்தார். எப்படிப் போனார் என்பதை நான் பார்க்கவில்லை. அங்கிருந்த கேமரா பார்த்தது.

சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. அரிவாளைக் காட்டி மிரட்டியதாகப் புகார். கூட வந்த என் மைத்துனன் வக்கீல். வழக்குப் பதிவானால் அந்த மாதம் வரவேண்டிய மேனேஜர் பதவி போச்சு, சஸ்பெண்டும் ஆகலாம் என்று வழியெல்லாம் ஆறுதல் சொன்னான். நான் ஸ்கேலை மேசையில் வைத்தேன். எஸ்.ஐ. திருப்பிப் பார்த்தார். பின்புறம் மகள் '7-பி' என்று எழுதியிருந்தாள்.

ஸ்கேலா அரிவாளா என்பது பெரிய விஷயமில்லை என்றார் அவர். அரிவாள் என்று நம்பி எதிராளி பயந்திருந்தால் வழக்கு நிற்கும். ஆனால் புகாரில் மிரட்டியதாக இருந்ததே தவிர, பயந்ததாக எங்கும் இல்லை. காகிதத்தை முத்துக்காளையிடம் நீட்டினார்.

"பயந்துட்டேன்னு ஒரு வரி எழுதுங்கண்ணே."

முத்துக்காளை திரும்பிப் பார்த்தார். ஊரிலிருந்து அவருக்குத் துணையாக வந்த எட்டுப் பேர் வாசலில் நின்றார்கள்.

"யாரு, நானா?"

"கேமராவுல நாலு படிய ஒரே தாவா தாவுறீங்களே."

"டோக்கன் கூப்பிட்டாக சார்."

"செருப்பு ரோட்டுல கெடக்கு."

"ஆஸ்பத்திரிக்குள்ள செருப்போடயா போவாக?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு குலசாமியைக் கும்பிட்டிருக்க வேண்டியவன் நான். என்னவோ மனசு கேட்கவில்லை.

"கொஞ்சங்கூடவாண்ணே பயப்படல?"

மைத்துனன் என் காலை மிதித்தான்.

"இவரப் பாத்தா? போங்க சார்" என்றார் முத்துக்காளை. அந்த எட்டுப் பேரும் என்னை மேலும் கீழும் பார்த்து, அது நியாயம்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

பயம் இல்லாததால் வழக்கும் இல்லை. 'மேற்படி நபரைப் பார்த்து எனக்கு எக்காலத்திலும் எவ்விதப் பயமும் ஏற்பட்டதில்லை' என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். நான் மேனேஜர் ஆனேன்.

அவர் எழுதிக்கொடுத்ததன் நகல் எங்கள் பீரோவில், ரேஷன் கார்டோடு இருக்கிறது. வீட்டில் நான் குரலை உயர்த்தினால் மனைவி மகளைக் கூப்பிட்டு, "அந்தப் பேப்பர எடுத்துட்டு வா" என்பாள். என்னால் மறுக்க முடியாது. 'படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று அதன் கீழே கையெழுத்துப் போட்டிருப்பது நான்தான்.