துறைமுகத்தின் ஆழம் கேட்டவர்

காலைப் பேப்பரைப் பிரித்ததும் நாட்டைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொள்ளும் ஓர் இனம் சென்னையில் உண்டு. லஸ் முனையிலிருந்து அடையாறு வரை பரவலாகக் காணப்படும். மயிலாப்பூரில் தெருவுக்கு நான்கு. ராக்கெட் விட்டால் எதற்கு என்பார்கள். விடாவிட்டால் ஏன் விடவில்லை என்பார்கள். கேள்விகள் என்னவோ நியாயமானவைதான். கேட்கப்படும் இடம்தான் பூங்கா பெஞ்சு. எனக்கும் இந்த இனத்தோடு நெருங்கிய உறவு உண்டு. ஆகவே ஜாக்கிரதையாக வேறொருவர் கதையைச் சொல்கிறேன்.

ராமானுஜம் சித்திரக்குளத்துப் பக்கம் குடியிருப்பவர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் ஒரு கோடையில், கடற்படைக்குப் பல நூறு கோடியில் நீர்மூழ்கிக் கப்பல் வாங்கப்போவதாக அவர் ஒரு செய்தி படித்தார். அன்றிலிருந்து பெஞ்சில் பேசினார், சலூனில் பாதி முகச் சோப்போடு பேசினார், மைத்துனரின் அறுபதாம் கல்யாணத்தில் ஹோமப் புகைக்கு நடுவே இருமிக்கொண்டே பேசினார், சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்துபோய் கான்டீனில் பேசினார்.

"முங்கறதுக்கு இத்தனை கோடியா? கண்ணுக்கே தெரியாத சாமானை எவன் சரிபார்க்கப் போறான்?"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். போண்டா வந்ததும் நிறுத்தினார்கள்.

அடுத்தது பாதுகாப்பு மந்திரிக்கு இங்கிலீஷில் ஒரு மனு. அரைப் பக்கத்தில் தொடங்கி மூன்று மாதத்தில் பதினோரு பக்கமாக வளர்ந்தது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டி நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினார். குடத்தை விட்டு நகர முடியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

மனுவுக்குப் புள்ளிவிவரம் வேண்டாமா? துறைமுக அலுவலகத்துக்கு போன் போட்டார். தண்ணீர் எத்தனை அடி ஆழம்? நீர்மூழ்கி ஒன்று உள்ளே நுழைந்தால் வெளியே தெரியுமா?

எதிர்முனை பேனாவைத் தேடி எடுத்தது. பிறகு, "நீங்க யாரு சார்?" என்றது.

"வரி கட்டறவன்!" என்ற ராமானுஜம், இனிஷியல், கதவு எண், பின்கோடு எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னார். அக்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்ததால், கடலைப் பற்றி விசாரிப்பவனைப் போலீஸ் விசாரிக்கும் காலம் அது. தினம் மூன்று பேப்பர் படிக்கிறவருக்கு அது மட்டும் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை வாசலில் ஜீப் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் பீர் முஹம்மது உள்ளே வந்து பணிவாக உட்கார்ந்தார்.

"நீர்மூழ்கி பத்தி ரொம்ப விசாரிக்கிறீங்களாமே சார்?"

ராமானுஜம் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். "நானா? வாங்கட்டும் சார். நாட்டுக்கு அவசியம். ஒண்ணு எப்படிப் போறும்? ரெண்டா வாங்கட்டும்!"

மூன்று மாதக் கொள்கை அரை நிமிஷத்தில் கரைவதை அவரே வேடிக்கை பார்த்தார்.

மனைவி ஜானு காபியோடு வந்தாள். "இவரா? ஆத்துல மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்குன்னே தெரியாது. இவர் கப்பலை என்ன பண்ணப் போறார்?" இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவரை இப்படி மட்டம் தட்டியதில்லை, அவருக்கும் அது இப்படி இனித்ததில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மேஜைமேல் கிடந்த மனுவை எடுத்துப் புரட்டினார். கடைசித் தாளில் விரல் நின்றது.

"இவங்கல்லாம் யாரு? அட்ரஸ் வேணும்."

குடமும் கையுமாக நின்ற நாற்பத்து மூன்று பேரும் ஸ்டேஷன் வாசலில் நிற்பது போல ராமானுஜத்துக்குத் தெரிந்தது.

"அவாளுக்கு ஒண்ணும் தெரியாது சார். தண்ணி லாரிக்கு மனுன்னு நெனச்சுண்டு போட்டா. எழுதினது நான். கூப்பிடறதானா என்னைக் கூப்பிடுங்கோ."

எப்படியோ சொல்லிவிட்டார்.

"இன்னா அய்யரே, எனுக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு சொல்லிக்கினு கீறே?"

வாசற்படியில் தேசம்மா. நொச்சிக்குப்பத்திலிருந்து தெருக்கோடி வீடுகளுக்கு மீன் கொண்டுவந்து, திரும்பும்போது லாரித் தண்ணீர் பிடித்துப் போகிறவள். ஜீப்பைப் பார்த்து நின்றிருந்தாள். கூடையை இறக்காமலே சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்க நைனா. பேரு தேசம்மா. அவுரு பட்ச்சிக் காட்னாரு, நான் கேட்டுக்கினுதான் கையெழுத்து போட்டேன். கப்பலு வாணான்னு சொல்லல. எம் புருசனும் அந்தக் கடல்லதான் போறான், காவலு வேணும். ஆனா கடலுக்குள்ள முங்கறதுக்கு அம்மாங் கோடி கீது, கரையில கீறவளுக்கு ஒரு தண்ணிக் கொயா போடத் துட்டு இல்லியா? இன்னா வெல, எதுக்குன்னு சொல்லிட்டு வாங்கு. கேட்டா தப்பா?"

பதினோரு பக்கத்தில் ராமானுஜம் சொல்ல முயன்றது இதைத்தான். இங்கிலீஷில் முயன்றதால் வரவில்லையோ என்னவோ.

பீர் முஹம்மது சிரித்துவிட்டார். "கேக்கறது தப்பில்லம்மா. துறைமுகத்து ஆழத்தை போன்ல கேக்கறதுதான் தப்பு." மனுவை ராமானுஜத்திடமே கொடுத்தார். "இதை எப்ப அனுப்பினீங்க?"

"இன்னும்... அனுப்பலை."

"மூணு மாசமாவா?"

"ஏழாம் பக்கத்துல ஒரு வார்த்தை சரியா அமையலை."

"அடப்பாவி!" என்றாள் தேசம்மா. "உன் பேச்சைக் கேட்டுக்கினு கையெழுத்து போட்டேன், அதுக்குள்ள வரிசை நவுந்துட்ச்சி. அன்னிக்கு ஒரு கொடம் போச்சு எனுக்கு!"

போலீசுக்கு முன்னால் சிவக்காத ராமானுஜத்தின் முகம் அப்போது சிவந்தது. ஜீப்பில் ஏறப்போன பீர் முஹம்மது திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "பர்சனலா கேக்கறேன் சார். நெஜமாவே அவ்ளோ வெலையா?" என்று கேட்டதைக்கூட அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அன்று பகலே ஏழாம் பக்கத்தைக் கிழித்தெறிந்தார். தேசம்மா சொன்னதை அவள் சொன்னபடியே தமிழில் எழுதி மேலே வைத்தார். கச்சேரி ரோட்டு வெயிலில் நடந்துபோய் ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தார். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது, அரசியல் பேசாமலே உடம்பு லேசாக இருந்தது அவருக்கே ஆச்சரியம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதம் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. எந்தத் துறை? அது மட்டும் அதில் இல்லை. தேசம்மாவிடம் வெட்கத்தோடு காட்டினார்.

"பதில் போட்டான் இல்ல?" என்றாள் அவள். "அப்பொ இன்னொண்ணு எழுது."

எழுதிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? மிகவும் சந்தோஷம். எதற்கும் உங்கள் மேஜை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். தேதி போட்டு, 'ஐயா' என்று ஆரம்பித்து, அதோடு நின்றுபோன காகிதம் ஒன்று அடியில் கிடக்கும்.

என் இழுப்பறையில் நான்கு.