கவுன்ட்டர் தேவதைகளுக்கு ஸ்டூல் எதற்கு?

தமிழ் நாவல் இத்தனை காலம் நடந்தது, ஓடியது, சில சமயம் படுத்தும் விட்டது. அது கம்பீரமாக எழுந்து நின்றது பத்ரிநாராயணனின் 'கவுன்ட்டர் தேவதைகள்' வெளியான பிறகுதான். பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் சுழல் நாற்காலியில் அமர்ந்தபடியே ஓய்வுபெற்ற அந்த மகான், அறுபதுகளில் செகந்திராபாத் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலை பார்த்த விற்பனைப் பெண்களைப் பற்றி ஐந்நூறு பக்கம் உருகியிருந்தார். அதில் ஒரு பக்கத்தில்கூட ஒருத்தியும் உட்காரவில்லை.

இந்தப் பேரிலக்கியம் பிளெசியின் தலையில் வந்து விடிந்தது. சரியாகச் சொன்னால், காலில்.

பிளெசி இன்றைய செகந்திராபாத்தில் ஒரு ஸ்டோரின் புடவைப் பிரிவில் இருக்கிறாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு இறக்கும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோதும் நிற்க வேண்டும். பெண்கள் உட்கார்ந்தால் கடைக்குச் 'சோம்பல்' பிடித்துவிடும் என்பது நிர்வாகம் கண்டறிந்த மருத்துவ உண்மை. கால் நரம்பு சுருட்டிக்கொண்டதும் டாக்டரிடம் போனாள். இப்படியே நின்றால் சீக்கிரமே நிற்கவும் முடியாது, வேலையை விட்டுவிடு என்றார் அவர். விட்டால் போவன்பள்ளியில் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. முதலாளி ராமச்சந்திரனிடம் கெஞ்சினாள், கும்பிட்டாள், ஒரு தரம் அழுதும் பார்த்தாள். கடைசியில் மனிதர் மனமிரங்கி நாலு ஸ்டூல் வரவழைத்தார்.

பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதற்குள் அவர் நாவலைப் படித்துவிட்டார்.

"பிளெசி, நூத்தி எண்பதாம் பக்கம் படிச்சியாம்மா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது சார். ஸ்கூல்ல தெலுங்குதான்."

"'அவர்கள் நின்றார்கள், நகரமே அவர்கள்மேல் சாய்ந்துகொண்டது.' என்னா எழுத்து! இதைப் படிச்சப்புறம் ஸ்டூல் போட்டா நான் மனுஷனா? ஸ்டூல் நக்கோம்மா, வேண்டவே வேண்டாம்."

"கால் வீங்குது சார்."

"அதான்மா பாரம்பரியம்!"

நாவலுக்குப் பாராட்டு விழா அந்தப் புடவைப் பிரிவிலேயே நடந்தது. விற்பனைப் பெண்களுக்கு அந்தக் காலக் கொண்டையும் முழங்கைவரை ரவிக்கையும் மாட்டி, மேடைக்குப் பின்னால் 'உயிருள்ள பின்னணி'யாக நிறுத்தினார்கள். ஸ்டூல்கள் வீண்போகவில்லை. மேடையில் நாற்காலி போதாததால் நாலு விமர்சகர்கள் அவற்றில் அமர்ந்து, நிற்கும் பெண்ணின் அழகியலைப் பற்றி ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். நடுவில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிளெசிதான் ஓடிப்போய்க் குஷன் கொண்டுவந்தாள்.

எல்லோரும் டிபன் பக்கம் நகர்ந்ததும் அவள் பத்ரிநாராயணனிடம் போனாள். முதலாளி இனி இவர் ஒருவர் பேச்சைத்தான் கேட்பார்.

"சார், அந்தக் காலத்துலயும் கொஞ்சம் உட்கார்ந்தாங்கன்னு எங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். ஸ்டூல் குடுத்துருவாரு. இல்லாட்டி மாசக் கடைசியில நான் வேலையை விட்டுறணும்."

எழுத்தாளர் மனம் நொந்துபோனார். "நடக்காததைச் சொல்லச் சொல்றியாம்மா? நான் கண்ணால பாத்து எழுதினவன்."

"ஹவ் சார், ஆமா சார், ஆனா எங்க பாத்தீங்க?"

"சின்னப் பையனா இருக்கச்சே அம்மாவோட ஸ்டோருக்கு வருவேன். அம்மா மத்தியானம் பூரா புடவை பாப்பா. கவுன்ட்டர்ல ஒரு அக்கா. பேர் தெரியாது. கால் மாத்தி மாத்தி நிப்பா, ஆனா சிரிச்சுண்டே இருப்பா. ஒரு நாள்கூட அவ உக்காந்து நான் பாத்ததில்லை."

"அங்க ஸ்டூலே கிடையாதா சார்?"

"ஏன் இல்லாம? ஒண்ணு இருந்துது." அவர் முகம் குழந்தையாய் மலர்ந்தது. "'வாடா கண்ணா'ன்னு என்னைத் தூக்கி அதுல உக்கார வெப்பா. நாங்க கிளம்பறவரைக்கும் நான் அதுலதான்."

பிளெசி கால் மாற்றி நின்றாள்.

"நீங்க எறங்கியிருந்தா அவங்க உட்கார்ந்திருப்பாங்க சார்."

பத்ரிநாராயணன் சிலிர்த்துப் போனார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"ஆஹா, என்ன வசனம்! ரெண்டாம் பாகத்துக்கு இது போறும். மறக்கறதுக்குள்ள எழுதிக்கறேன், அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படிப் போடும்மா!"