புளியமரத்துக்கு ஓலை

"ஒண்ணு அந்தப் புளியமரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

எங்கப்பா இப்படி முழங்கியபோது அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாத்தானுங்களே இருக்கறீங்க? மரம் வெளிய, நீங்க உள்ள."

அப்பா பெயர் ஸ்தனிஸ்லாஸ். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளர். ஊரே 'செக்கரட்டரி' என்று கூப்பிடும். பாலில் எத்தனை தண்ணீர் என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார். அம்மா மனதில் என்ன என்று மட்டும், கல்யாணமான நாள் முதல் முகர்ந்து முகர்ந்து பார்க்கிறார், பிடிபடவில்லை.

முழக்கத்துக்குக் காரணம் டி.வி. ஊரிலேயே முதல் டி.வி. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, ஸ்விட்சைத் தட்டினால் உள்ளே யாரோ விடாமல் மாவு சலித்தார்கள். சத்தமோ வடை பொரிகிற சத்தம். வடையும் வரவில்லை, படமும் வரவில்லை.

தர்மபுரியிலிருந்து ஆன்டெனா கட்டும் ராஜப்பன் வந்தார். மொட்டை மாடியில் ஏறி நாலு திசையும் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கினார். (ராஜப்பன் பேசுவதை மூக்கால் படிக்கவும்.)

"பெங்களூரு சிக்னல் நல்லாத்தான் சார் கெளம்புது. ஓசூரு வருது. கிருஷ்ணகிரி வருது. காரிமங்கலம் வருது. உங்க வூட்டாண்ட வந்ததும் அந்தப் புளியமரத்துல முட்டிக்கிட்டு நின்னுடுது."

பெங்களூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த விருந்தாளியை வாசலில் நிற்கவைப்பதா? அப்பாவுக்கு ரத்தம் கொதித்தது.

மரம் எங்கள் நிலத்தில்தான் நிற்கிறது. ஆனால் அதன் நிழல் முழுக்கப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுகிறது. மத்தியானம் மணி அடித்ததும் ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரை எல்லாப் பிள்ளைகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடிக்குத்தான் ஓடிவரும். அங்கே சத்துணவு அமைப்பாளர் யார்? எங்கம்மா ஞானமேரி. அதனால் பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து அப்பா பதினாறு பதில்களைத் தயாராக வைத்திருந்தார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வெட்டுங்க," என்றாள்.

"என்னாது?"

"வெட்டுங்கன்னேன். உங்க மரம், உங்க டி.வி. நான் எதுக்குங்க குறுக்க நிக்கறேன்?"

பதினாறு பதிலும் வீணாய்ப் போனதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தமே. "அப்ப தொப்பூர் முனிராஜை ரம்பம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லுங்க. அதுக்கு முன்னால பசங்ககிட்ட ஒரு வார்த்தை நீங்களே சொல்லிடுங்க. தெனமும் அங்க உக்காந்து சோறு துன்றதுங்க."

"பசங்ககிட்டயா! மூக்கு ஒழுவற பசங்க! அதுங்க என்னா சொல்லிடும்?"

மறுநாள் மத்தியானம் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மரத்தடிக்குப் போனார். தலைமை ஆசிரியர் அருள்சாமி சார் நாற்காலி போட்டார். அம்மா அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள். நல்லம்பள்ளியில் பத்தாவது படிக்கும் எனக்கு அன்று லீவு. நான் எங்கள் வீட்டுச் சன்னலில் இருந்தேன். நல்ல இடம்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே!" என்றார் அப்பா. (பால் சங்க ஆண்டுவிழாக் குரல். வயிற்றிலிருந்து படிக்கவும்.) "உலகம் விஞ்ஞானத்தில் முன்னேறிக்கொண்டிருக்கிறது. நம் ஊரும் முன்னேற வேண்டாமா? அதற்கு இந்த மரம் தடையாக நிற்கிறது. எனவே வெட்டப்போகிறேன். கேள்வி ஏதாவது?"

இந்தக் கடைசி இரண்டு சொற்களை அவர் சொல்லியிருக்கவே கூடாது.

மூணாம் வகுப்பு சகாயமேரி எழுந்தாள். முன்பல் இரண்டும் விழுந்தவள். அதனால் அவள் பேச்சில் காற்று கொஞ்சம் கூடுதல்.

"அப்புறம் நாங்க எங்க உக்காந்து சாப்புடறதுங்க மாமா?"

"ஷெட்டுக்குள்ள."

"ஷெட்டு தகரமுங்க. உள்ள போனா வெந்த சோறு மறுக்கா வேகும். நாங்களும் கூடவே வெந்துடுவோம்."

"ஒரு கொட்டாய் போட்டுக் குடுக்கச் சொல்லலாம்..."

அஞ்சாம் வகுப்பு சவரி எழுந்தான். "எந்த மரத்த வெட்டிக் கொட்டாய் போடுவாங்க?"

அப்பா நாற்காலியில் சற்று நெளிந்தார். பின்னாலிருந்து ஒரு பொடியன், "மழையே பேயமாட்டேங்குது. இருக்கற மரத்தையும் வெட்டுனா மேகம் எத பாத்துக்கிட்டு வரும்?" என்றான். இன்னொரு குட்டி, "கிளி வூடு அங்கதான் இருக்குது. அதுக்கு யாரு சொல்றது?" என்று அழவே ஆரம்பித்துவிட்டது.

"ஆகையினாலே..." என்றார் அருள்சாமி சார். அவர் எந்த வாக்கியத்தையும் இப்படித்தான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அதற்குமேல் போகவில்லை. பால் சங்கத்தில் அவருக்கும் ஒரு மாடு இருந்தது.

அப்பா எழுந்தார். "மரம் என்னுது. நான் வெட்டுவேன்."

சகாயமேரி விடவில்லை. "எங்கக்கா கல்யாணத்துக்கே கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம ஓலை படிச்சாங்க. தடை சொல்றவங்க சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஒருத்தருக்கும் சொல்லாம நீங்க எப்பிடி வெட்டுவீங்க?"

பிள்ளைகள் எல்லாம் தட்டைத் தட்டின. "ஓலை! ஓலை!"

எங்கள் ஊரில் பாதிக்குமேல் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். மாப்பிள்ளை பெண் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் படித்து, 'விக்கினம் ஏதாவது உண்டென்று அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்' என்று கேட்காமல் இங்கே தாலி ஏறாது. அப்பாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. சபை, தீர்ப்பு, தன் பெயர் கோயில் வாசலில் முழங்குவது. மூன்றும் அவருக்கு உயிர்.

"சரி!" என்று கையை உயர்த்தினார். "கல்யாணத்துக்கு என்ன சட்டமோ அதே சட்டம் மரத்துக்கும்! மூணு ஞாயிறு படிங்க. நியாயமான தடை இல்லைன்னா மரம் விழும். இது ஸ்தனிஸ்லாஸ் வாக்கு!"

அண்டாவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள். "அதே சட்டந்தானுங்களே? பின்னால மாத்தமாட்டீங்களே?"

"நான் என்னைக்கு மாத்தியிருக்கேன்?"

"அது செரிதான்," என்று அம்மா சாம்பாரைக் கலக்கினாள்.

சாயங்காலம் நான் கேட்டேன். "ஏம்மா, இந்த ஓலை யோசனைய யாரு அந்தப் புள்ளைக்குச் சொல்லிக்குடுத்தது?"

"எனக்கென்னாடி தெரியும் புஷ்பா? நான் சோறுதான் போடறேன். நீ போய் கணக்கு போடு."

அந்த ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். கோயிலுக்குள் கூடாது, வெளியே வேண்டுமானால் படித்துக்கொள்ளுங்கள் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கொடிமரத்தடியில் சகாயமேரி நின்றாள். சாமியாரின் இழுவையை அப்படியே இழுத்தாள்.

"திருமணம் முடிக்க விரும்புகிறவர்கள்! தொப்பூரில் வசிக்கும் முனிராஜ் அவர்களின் மூத்த ரம்பத்துக்கும்... பெங்களூருச் சாலையைப் பார்த்து நிற்கும் புளியமரத்துக்கும்... முதலாம் ஓலை! விக்கினம் அறிந்தவர்கள் பால் சங்கச் செயலாளரிடம் சொல்லக் கடவார்கள்!"

ஊர் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். மறுநாள் காலையிலிருந்து சிரிக்க நேரமில்லை.

முதலில் மாட்டுக்காரர் பச்சியப்பன். "செக்கரட்டரி, எம்மாடு அந்த நெழல்லதான் அசை போடுது. வெயில்ல கட்டுனா பால் வத்திப்பூடும்."

அப்பா நீதிபதிபோல் சாய்ந்து உட்கார்ந்தார். "மாடு பொண்ணுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்குதா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

"தள்ளுபடி!"

அடுத்து ராமக்காள். "அந்தப் புளியிலதான் சாமி முப்பது வருசமா கொழம்பு வெக்கறேன். வேற புளி போட்டா எம்புருசன் தட்டை வீசுவான்."

"கொழம்பு விக்கினம் ஆவாது. தள்ளுபடி!"

வந்தவர்களுக்கெல்லாம் அம்மா காப்பி கொடுத்தாள். ஒவ்வொரு தள்ளுபடிக்கும், "செரியான தீர்ப்புங்க," என்றாள். அப்பா மீசை ஒரு சுற்று பெருத்தது.

இரண்டாம் ஓலை படித்த மறுநாள் சவரி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"கல்யாணத்துல சாமியாரு பொண்ணுகிட்ட சம்மதமான்னு கேப்பாரில்லீங்க? நீங்க மரத்துகிட்ட கேட்டீங்களா?"

அப்பா சிரித்தார். "மரம் எங்கடா பேசும்? சும்மா இருந்தா சம்மதம்னு அர்த்தம்."

"எங்கக்காளும் சும்மாத்தான் இருந்தா," என்றான் சவரி. "ஏழாவதோட நிறுத்திப்போட்டுக் கட்டிக்குடுத்தாங்க. கோயில்ல ஒண்ணுமே சொல்லல. வூட்டுல தெனமும் அழுதா. அது சம்மதமுங்களா?"

அப்பா வாயைத் திறந்தார். தள்ளுபடி வரவில்லை. அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர் அவர். "காப்பி குடிச்சிட்டுப் போடா," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அதற்குமேல் விசாரணை இல்லை.

ஆனாலும் ஆசை பொல்லாதது. ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் ஆரம்பிக்கப் போகிறது என்று பேப்பரில் போட்டான். மூன்றாம் ஓலையும் முடிந்தது. நிற்கக்கூடிய தடை ஒன்றும் இல்லை. அப்பா முனிராஜுக்கு ஆள் அனுப்பக் கிளம்பினார்.

"திங்க, செவ்வா பசங்களுக்குப் பரீட்சைங்க," என்றாள் அம்மா. "புதன்கெழம எல்லாரும் கோயிலுக்குப் போவோம். வியாழக்கெழம வெச்சுக்கங்களேன். ஜெயிச்சவருக்கு என்னா அவசரம்?"

ஜெயிச்சவர் என்ற சொல்லில் அப்பா உருகினார். வியாழன் என்று முடிவாயிற்று. புதன்கிழமை கோயிலுக்குப் போனோம். சாமியார் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசினார். அப்பா நெற்றியில் கொஞ்சம் தாராளமாகவே பூசினார்.

வியாழன் காலை முனிராஜ் ரம்பத்தோடும் இரண்டு ஆட்களோடும் வந்து இறங்கினார். மரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து நின்றன. அருள்சாமி சார் ஓரமாக, "ஆகையினாலே," என்றார்.

"நகருங்க, நகருங்க!" என்றார் அப்பா. "மூணு ஓலையும் ஆச்சு. சட்டப்படி இன்னைக்குக் கல்யாணம்."

"இன்னைக்கு ஆவாதுங்க மாமா," என்றாள் சகாயமேரி.

"ஏன் ஆவாது?"

"நேத்து விபூதிப் புதன். தவக்காலம் ஆரம்பிச்சிடுச்சு. தவக்காலத்துல கல்யாணம் கூடாதுங்க."

அப்பாவின் முகத்தில் அப்போது டி.வி.யில் சலித்த அதே மாவு தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். "தோத்திரம் சாமி!" என்று அப்பா ஓடினார். "நீங்களே சொல்லுங்க சாமி. இது வெறும் மரம்..."

"அதே சட்டம்னு நீதானே ஸ்தனிஸ்லாஸ் சொன்னே?" என்று சாமியார் இழுத்தார். "தவக்காலத்தில்... உன் மகளுக்கே... நான் கல்யாணம் நடத்தமாட்டேன். மரத்துக்கு... எப்படியப்பா?"

முனிராஜ் தலையைச் சொறிந்தார். "எங்களுக்கு ஆடி, மார்கழிதான் ஆவாது. உங்களுக்கு மாசியுமா? எப்பங்க முடியும்?"

"ஈஸ்டருக்கு," என்றன பிள்ளைகள் ஒரே குரலில்.

முனிராஜ் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

அப்பா வீட்டுக்குள் வந்தால் டி.வி. மேல் ஊதாத் துணி. கோயிலில் சிலைகளை மூடுவார்களே, அதே ஊதா.

"இது என்னாடி?"

"தவக்காலத்துல பாட்டு, சினிமான்னு போட்டுடாதீங்க. கோயில்ல சாமியே முக்காடு போடற காலம்," என்றாள் அம்மா.

ஆஸ்திரேலியாவில் யார் யாரோ அடித்தார்கள், யார் யாரோ அவுட் ஆனார்கள். அப்பா பக்கத்து ஊர் டீக்கடை ரேடியோவில் காதை வைத்துக் கேட்டார். மத்தியானம் பால் சங்கத்திலிருந்து சைக்கிளில் வரும்போது மரத்தடியில் பிள்ளைகள் வழிவிட்டு, "தோத்திரம் மாமா!" என்று கத்தும். அவர் மரத்தை முறைப்பார். மரம் அவர் மேல் இரண்டு இலையை உதிர்க்கும்.

என் பத்தாவதுப் பரீட்சை முடிந்தது. ஈஸ்டர் வந்தது. மறுநாள் காலை அப்பா முனிராஜுக்குச் சொல்லியனுப்பச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். புளியமரத்தின் உச்சியில் யாரோ இருந்தார்கள்.

"யாரப்பா அது மேல?"

"நாந்தான் சார், ராஜப்பன்!" என்றது மரத்தின் மூக்கு. "கம்பத்தைக் கட்டிட்டேன். உள்ள போட்டுப் பாருங்க!"

அம்மா ஊதாத் துணியை எடுத்து ஸ்விட்சைத் தட்டினாள். மாவு சலித்தது. ஒரு கோடு ஓடியது. அப்புறம் கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒரு பெண்மணி வந்து கன்னடத்தில் கும்பிட்டாள். எங்கிருந்து வந்தார்களோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முழுக்க எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவுக்குச் சந்தோஷம். அதற்குப் பின்னால் மெதுவாகச் சந்தேகம். சன்னல் வழியாகக் கத்தினார்.

"ராஜப்பா! மரத்து மேலயே கட்டலாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னைக்கே சொன்னனே சார்! நீங்க ரம்பம் ரம்பம்னு குதிச்சிக்கிட்டு இருந்தீங்க. மோர் குடுக்கறப்ப அம்மாகிட்ட சொன்னேன். ஈஸ்டருக்கு மறுநாள் வந்து கட்டுங்கன்னாங்க."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பீங்க," என்றாள் அம்மா. "இவ பத்தாவது எழுத வேணாமுங்களா?"

இத்தனை நாள் சன்னலில் உட்கார்ந்து சிரித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சு முழுக்கத் தொண்டைக்கு வந்தது. "ஞானமேரி! ஒரு குடும்பத் தலைவனை..."

"மாமா," என்றாள் சகாயமேரி, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசறதுன்னா வெளிய போய்ப் பேசுங்க. ஒண்ணுமே கேக்கமாட்டேங்குது."

அப்பா வெளியே போனார். கொளுத்துகிற வெயில். புளியமரத்தடியைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.