ஐந்துக்கு மூன்று குறைவு

காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் வந்த செய்தி சின்னதுதான். சிறுதொழில் உதவி அலுவலகத்திலிருந்து பத்தரைக்கு அதிகாரி வருகிறார், ஆட்களை எண்ணிப் பார்ப்பார். பெட்டிக்காரர் போனை வைத்துவிட்டுத் தன் பட்டறையை ஒரு முறை எண்ணினார். இயந்திரம் ஓட்டும் பெரியவர் ஒருவர், பசை தடவும் அக்கா ஒருத்தி. மறுபடியும் எண்ணினார். கூடவில்லை.

செருப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பது அவர் தொழில். ஐந்து பேருக்கு வேலை கொடுப்பேன் என்று எழுதிக் கொடுத்ததை நம்பி, அரசாங்கம் அவருக்கு அட்டை மடிக்கும் இயந்திரம் ஒன்றைக் கொடுத்திருந்தது. வந்த நாளிலிருந்தே அது மூன்று ஆள் வேலையைத் தனியாகப் பார்த்தது. வேலைவாய்ப்பைப் பெருக்க வந்த இயந்திரத்துக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு, மூன்று பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பதிவேட்டில் மட்டும் அவர்கள் இன்னும் இருந்தார்கள். நீக்க மனசு வரவில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். பயம்தான் காரணம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஐந்து பேர் இல்லையென்றால் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கையால் மடித்த பெட்டியை இப்போது எந்தக் கடைக்காரரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பட்டறையை மூட வேண்டியதுதான். பசை அக்கா வீட்டில் ஐந்து வாய்க்கு அவள் ஒருத்தி சம்பளம். பெட்டிக்காரர் மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“என் தம்பி வீட்லதானே தூங்குறான், அவனை எழுப்புறேன். நானும் வரேன்,” என்றாள் மனைவி.

“சொந்தக்காரங்களை எண்ணிக்கையில சேர்க்க மாட்டாங்களே.”

“அப்போ இன்னைக்கு ஒரு நாள் நீங்க யாரோ, நான் யாரோ.”

அதை அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

மூன்றாவது ஆளாகக் கடைசி நேரத்தில் பக்கத்து சலூன்காரர் மாட்டினார். ஒரு வாடிக்கையாளருக்கு முகம் முழுக்க நுரை போட்டு, ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்தார். பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று அவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

ஐந்து பேர் சேர்ந்தாயிற்று. செய்ய வேலை இல்லை. இருந்த அட்டையெல்லாம் நேற்றே பெட்டியாகிவிட்டது. ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பின்கட்டில் மைத்துனன் பெட்டியைப் பிரிப்பான், பெரியவர் இயந்திரத்தில் விட்டு மறுபடியும் மடிப்பார். இயந்திரத்தின் வேகத்துக்கு ஒருவன் பிரித்து மாளவில்லை. சலூன்காரரும் பின்னால் போனார், மனைவியும் போனாள். அந்த இயந்திரம் முதன்முறையாக மூன்று பேருக்கு வேலை கொடுத்தது.

பத்தரைக்குக் கார் வந்தது. அதிகாரி புதுச் சட்டையில் விறைப்பாக இறங்கினார். ஃபைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னால் ஓட்டுநர். அதிகாரி ஒவ்வொருவரையும் விரல் நீட்டி எண்ணி, ஐந்து என்றார். பெட்டிக்காரருக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

பிறகு அதிகாரி, குறை ஏதாவது உண்டா என்று மனைவியைக் கேட்டார்.

“முதலாளி நல்லவர்தாங்க. ஆனா லீவு கேட்டா மட்டும் காது கேக்காது. எங்கம்மா வீட்டுக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு.”

“எத்தனை நாள் வேணும்மா?”

“ஒரு வாரம்.”

அதிகாரி பெட்டிக்காரரைப் பார்த்தார். பெட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மிகவும் பணிவாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் அனுமதிக்கப்பட்டது. கூடவே போகத் தனக்கும் விடுப்பு வேண்டும் என்று மைத்துனன் வாயைத் திறக்க, அவள் அவன் காலை மிதித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நுரை முகம் தெரிந்தது. பத்து நிமிடம் அரை மணி ஆன கோபத்தில், கழுத்தில் கட்டிய துணியோடு வாடிக்கையாளரே வந்துவிட்டார். அதிகாரி திரும்பவும் விரலை நீட்டினார். ஆறு என்று வந்தது.

ஓட்டுநர் அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரியின் முகம் வாடியது. ஆறு பேர் என்றால் இந்தப் படிவம் செல்லாதாம், எல்லாம் முதலிலிருந்தாம்.

“இவர் இங்க வேலை செய்யலைங்க,” என்றார் பெட்டிக்காரர் அவசரமாக. “வேலை கேட்டு வந்திருக்கார்.”

“இந்தக் கோலத்துலயா?”

“இங்க ஆள் எடுக்கிறோம்னு யாரோ சொல்லியிருக்காங்க. பாதியில எழுந்து ஓடி வந்துட்டார்.”

வாடிக்கையாளர் மறுக்க வாயெடுத்தார். சலூன்காரர் அவரைத் தோளோடு அணைத்து, ஆயுளுக்கும் இலவசமாக மழித்து விடுகிறேன் என்று காதில் சொல்லி வெளியே நடத்திப் போனார். அதிகாரி நெகிழ்ந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். மழிப்பதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு மக்கள் இங்கே வேலை தேடி ஓடி வருகிறார்கள் என்று ஒரு வரி எழுதினார். எதையும் படித்துப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். ஓட்டுநர் தன் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதிக் குத்தினார். இயந்திரம் இனி நிரந்தரமாக உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.

பெட்டிக்காரர் பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்தார், அது அமுங்கி அவரைத் தரையில் இறக்கியது. யாருக்கும் கவலையில்லை. பசை அக்கா பசைக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர் ஒரு வருடமாகச் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தார். வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சலூன்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். தரையில் கிடந்தபடியே பெட்டிக்காரர், ஒரு வாரம் என்ன, பத்து நாள் போய் வா என்று மனைவியிடம் சொன்னார்.

அப்போது ஓட்டுநர் மட்டும் திரும்பி வந்தார். சிரிப்பு பட்டென்று நின்றது. அவர் கதவைச் சாத்திவிட்டு, சலூன்காரரை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

“பயப்படாதீங்க, நாங்களும் புரிஞ்சவங்கதான்,” என்றார் தணிந்த குரலில். “நாளைக்கு ஒரு நாள் இவரை எங்க ஆபீசுக்குக் கொடுங்க, அங்க அதிகாரி வேலைக்கே ரெண்டு வருஷமா ஆள் இல்ல, இன்னைக்கு வந்தவரு எதிர்க்கடையில சாவி செய்யறவரு, நாளைக்கு அவர் கடை திறக்கணுமாம்.”