சால்வை மாறிய மழைப்பாட்டு

தாதர், மும்பை

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் மோரேஷ்வர் அவர்களுக்கு, சதானந்த் பேண்ட்ஸே எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

தாங்கள் தலைமை வகித்த விழாவில், மழைப்பாட்டைப் பாடிய குரலுக்கென்று அறிவித்த விருதை, அதற்குத் திரையில் வாயசைத்த நடிகை சுவர்ணா காம்ளிக்கு வழங்கினீர்கள். பாடியவர் தங்கள் உடன்பிறந்த தங்கை, என் மனைவி ஹேமாங்கி. இசைத்தட்டில் பெயர் இருக்கிறது. ஒரே படத்தில் பதினாறு வயதுக் கதாநாயகிக்கும் அவளை விரட்டும் மாமியாருக்கும் பாடி, ஊரையே நம்பவைத்தவள் அவள். அவளை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, சால்வையையும் தேங்காயையும் நடிகையிடம் கொடுத்தீர்கள். கூட்டம் "வன்ஸ் மோர்!" என்று கூரை அதிரக் கத்தியது. இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள், அம்மையார் வாயசைத்தார், என் மனைவியைப் பார்த்துக் கண்ணும் சிமிட்டினார். பின்வரிசையில் ஒருவர், "என்னா குரல்டா! வயசே ஆகல பாரு!" என்றார். இசைத்தட்டுக்கு எப்படி ஐயா வயதாகும்? நான் எழுந்தேன். "உக்காருங்க, மானத்த வாங்காதீங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்த ஹேமாங்கி, எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டினாள். அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை. வேதியியல் கற்பிப்பவன் நான். அமிலக் குப்பியில் உப்பின் சீட்டை ஒட்டினால் என்ன ஆகும் என்று அறிவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் விருது உரியவளிடம் வந்து சேரவேண்டும். தவறினால் பத்திரிகைகளுக்கு எழுதுவேன், வெல்வேன்.

அண்ணியாருக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். தங்களுக்கு, மரபு கருதி மட்டும், நமஸ்காரம்.

சதானந்த்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஹேமாங்கி இதை வாங்கிப் படித்தாள். சிரித்து ஓய்ந்தபின் சொன்னாள்: "ஏங்க, அந்தப் பாட்டுப் பதிவு அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. படப்பிடிப்பு நிக்கக் கூடாதுன்னு சுவர்ணாவே ஒப்புக்குப் பாடிக் குடுத்தா. தொண்டை சரியானதும் நானும் போய்ப் பாடினேன். இசையமைப்பாளர் ரெண்டையும் கேட்டுட்டு, 'அவளோடதே இருக்கட்டும், பேரு மட்டும் உன்னோடத போடுறேன், அதுதான் விக்கும்'னுட்டாரு. இத்தன வருஷமா மேடையில அவ பாட்டப் பாடிக் கைதட்டு வாங்கறேன். விருதுக்கு எங்க அண்ணன்கிட்ட அவ பேரச் சொன்னதே நான்தான்."

கடிதம் நன்றாக அமைந்துவிட்டதால் கிழிக்க மனமில்லை. மேலே உள்ளதைத் தாங்கள் படிக்கவில்லை என்று கருதிக்கொள்ளவும். சுவர்ணா அம்மையாருக்கு இதைவிடக் காரமாக ஒன்று எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். நாளைக் காலை தபால்காரருக்கு முன்பாக அவர் வாசலில் நான் நிற்பேன். அவரே கதவைத் திறந்தால் என்ன சொல்வது என்று ஹேமாங்கியிடம் கேட்டேன்.

"ஒரு வாட்டி பாடிக் காட்டச் சொல்லுங்க. கேட்டுட்டு, வாயத் திறக்காம வந்து சேருங்க."